உடம்பெல்லாம் காது

என் சித்தி இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போவதற்காக ஆங்கிலப் பரீட்சை எழுதிய வருடம் எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் நான் கற்ற ஆங்கிலத்தில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கற்றதில்லை. எங்கள் வீட்டு மாடியில், சித்தியின் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கற்றது. அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

கோயம்புத்தூரை ஒட்டிய வடவள்ளியில் எங்கள் வீடு மேலும் கீழுமாக இரண்டு போர்ஷன். கீழே அப்பா, அம்மா, நான். மேலே சித்தப்பாவும் சித்தியும். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து லேத் பட்டறை வைத்திருந்தார்கள். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் வேலை. ஒரு முறை சித்தப்பாவின் இடது கை மெஷினில் சிக்கி இரண்டு விரல்களில் தையல் போட நேர்ந்தது. அப்போது கட்டுப் போட வந்த நர்ஸ்தான் பிறகு என் சித்தியானாள். காயம் ஆறிய பின்னும் கட்டு மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டு சித்தப்பா ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாராம். அப்பா இதைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் சித்தப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

சித்தி வந்தபோது எனக்கு ஏழு வயது. அதுவரை வீட்டில் என்னோடு பேசியவர்கள் எல்லாரும் ஏதாவது வேலை சொல்லத்தான் பேசினார்கள். சித்தி சும்மா பேசினாள். டூட்டி முடிந்து வந்து தூங்கி எழுந்ததும் மாடிப்படியில் நின்று, "கண்ணு, மேல வாறியா?" என்று கூப்பிடுவாள். நான் எழுதிக்கொண்டிருந்த வீட்டுப்பாடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். என் தலையைப் பின்னிக்கொண்டே ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் ஒரு பெரிய மனுஷியிடம் சொல்வதுபோல் சொல்வாள். அந்த மூன்று வருடத்தில் சித்தி எனக்கு மட்டும் உரியவள் என்ற எண்ணம் எனக்குள் எப்படியோ ஊறிப்போய்விட்டது. சித்தப்பாவைக்கூட, மாலையில் வந்து எங்கள் பேச்சைக் கெடுக்கிற ஒருவராகத்தான் நினைத்திருந்தேன்.

அவளோடு வேலை பார்த்த நர்ஸுகள் ஒவ்வொருவராக வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. "எல்லாரும் போறாங்களே, நீயும் எழுதிப் பாரேன்" என்று முதலில் சொன்னது சித்தப்பாதான். சித்தி மடித்துக்கொண்டிருந்த யூனிஃபார்மை மடித்து முடித்துவிட்டு, "நீங்க சொன்னா எழுதறனுங்க" என்றாள். முதலில் சித்தி போவது, பிறகு சித்தப்பாவை அழைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சித்தப்பா, "எங்கூட்ல லண்டன் போறாங்க" என்று சொல்லத் தொடங்கினார். அவர் அப்படிச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் முன்னால் வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

முதல் தடவை எழுதியதில் எழுத்து, வாசிப்பு, கேட்பு மூன்றிலும் தேறினாள். பேச்சில் அரை மார்க் குறைந்துபோனது. அந்தப் பரீட்சையில் தேர்வாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்து கால் மணி நேரம் பேச்சுக் கொடுப்பார், நாம் பதில் பேசவேண்டும். சித்தி தப்பில்லாமல்தான் பேசியிருக்கிறாள். ஆனால் அவள் பேசுவது மனிதர் பேசுவதுபோல் இல்லை, விடைத்தாளை வாசிப்பதுபோல் இருக்கிறது என்று காந்திபுரத்துக் கோச்சிங் சென்டரில் சொல்லிவிட்டார்கள். சொல்லிவிட்டு, ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு புத்தகத்தையும் கொடுத்தார்கள். ஓரளவு ஆங்கிலம் தெரிந்தவர்கள் இன்னும் சரளமாகப் பேசுவதற்கான தொடர்கள் அதில் பக்கம் பக்கமாக இருந்தன.

அதைப்போல் ஒரு விசித்திரமான புத்தகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்தான். சேர்ந்தால் மட்டும் வேறு எதையோ சொன்னது. 'ஐ குடுன்ட் அக்ரீ மோர்' என்றால் ஒத்துக்கொள்ள முடியாது என்றுதானே தோன்றும்? இல்லையாம். முழுக்க ஒத்துக்கொள்கிறேன் என்று அர்த்தமாம். 'இட்ஸ் நாட் மை கப் ஆஃப் டீ' என்றால் அது எனக்குப் பிடித்தமானது இல்லை என்று அர்த்தம். சித்தி அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். அவளுடைய அம்மா இருபத்தைந்து வருடம் தேயிலை பறித்தவர். "எங்கம்மா பறிச்சதெல்லாம் அவங்களோட டீதான் கண்ணு. எங்களோடது ஒரு கப்புகூட இல்ல" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் சிரித்தேன்.

ஒவ்வொரு தொடருக்குப் பக்கத்திலும் சித்தி பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதிவைத்தாள். அப்புறம் என்னைத் தேர்வாளர் ஆக்கினாள். அப்பாவின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையில் சித்தியின் கடிகாரத்தோடு கட்டிலில் உட்காருவேன். கேள்விச் சீட்டுகளில் ஒன்றை எடுத்து வாசிப்பேன். சித்தி எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து, இரண்டு நிமிடம் பேசுவாள். இடையில் புத்தகத்துத் தொடர் எதையாவது நுழைத்துவிட்டால் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். நேரம் முடிந்ததும் நான், "தேங்க் யூ. தட் இஸ் தி எண்ட் ஆஃப் தி டெஸ்ட்" என்பேன். உலகத்தில் வேறு எந்தப் பத்து வயதுப் பெண்ணுக்கும் இப்படி ஒரு பதவி கிடைத்திருக்காது என்று நம்பினேன்.

மூன்று வாரம்தான் அது நீடித்தது. பேச்சுக்குப் பேச்சு பதில் கொடுக்கிற ஆள் இருந்தால்தான் பயிற்சி பலிக்கும் என்று சென்டரில் ஆளுக்கொரு பார்ட்னரைப் பிரித்துக் கொடுத்தார்கள். சித்திக்கு வாய்த்தவர் பாலக்காட்டுப் பக்கத்து ஆண் நர்ஸ். கோயம்புத்தூரில் இன்னொரு ஆஸ்பத்திரியில் வேலை. தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் போன் வரும். சித்தி போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பது அவள் சொன்ன காரணம். உண்மையும் அதுதான். தண்ணீர்த் தொட்டியின் மேல் போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு பேசுவாள்.

முதல் நாள் நான் அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தே இருந்தேன். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் கழித்து இறங்கிவந்த சித்தி, "ஐயோ, இங்கயா இருக்கறே? மேல வந்து கேக்க வேண்டியதுதானே?" என்றாள். மறுநாள் கூப்பிடவும் செய்தாள். நான் போகவில்லை. கூப்பிட்டபோது போகாமல், அவள் மேலே ஏறியதும் சத்தமில்லாமல் பின்னால் போய், மொட்டைமாடிக் கதவுக்குப் பின்னால் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த மனிதர் குரல் எனக்குப் பிடிக்கவே இல்லை. அதில் பிடிக்காமல் போவதற்கு ஒன்றுமில்லை. மரியாதையான குரல், கொஞ்சம் மலையாள இழுவை. நடுநடுவே அவர் வீட்டுக் குழந்தை அழுவதும், ஒரு பெண் அதைத் தூக்கிக்கொண்டு போவதும்கூடக் கேட்கும். ஆனால் அவர் ஏதாவது சொன்னதும் சித்தி, "தட்ஸ் எ குட் பாயிண்ட்" என்பாள். என்னிடம் ஒரு நாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை. அவருக்குக் கேள்விச் சீட்டு தேவையில்லை. அவர் கேட்கிற கேள்விகள் அந்த நேரத்தில் அவருக்கே தோன்றுபவை. நான் சீட்டில் அச்சடித்திருந்ததை மட்டுமே வாசித்தவள். இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகப் புரிந்தது. இரவு சாப்பாடு இறங்கவில்லை. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, சூடு ஒன்றுமில்லையே என்றாள்.

சித்தியிடம் கோபத்தை எத்தனையோ விதத்தில் காட்டினேன். தலை பின்ன மேலே போகாமல் அம்மாவிடம் பின்னிக்கொண்டேன். "ஏன் கண்ணு மேலயே வரமாட்டீங்கற?" என்று கேட்டபோது, "பரீட்சை இருக்குதுங்க சித்தி" என்றேன். அவள் நம்பிவிட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

மொட்டைமாடிச் சிரிப்பு எனக்கு மட்டும் கேட்கவில்லை. சித்தப்பா பட்டறையிலிருந்து வந்து, கீழே குழாயடியில் மரத்தூளும் சோப்பும் போட்டுக் கை கழுவும் நேரமும் அதுதான். கிரீஸ் எல்லாம் போன பிறகும் அவர் கையைத் தேய்த்துக்கொண்டே நிற்பார். கண் மட்டும் மேலே பார்க்கும்.

ஒரு நாள் சாயங்காலம், "வா அம்மணி, காளான் சாப்பிட்டு வரலாம்" என்று என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். தொண்டாமுத்தூர் ரோட்டில் ஒரு தள்ளுவண்டிக் கடை. பெரிய கல்லில் காளானையும் முட்டைக்கோசையும் கொத்தி, மசாலாவில் புரட்டி, மேலே வெங்காயம் தூவிக் கொடுப்பார்கள். எனக்கு உயிர். வீட்டில் அதற்கு லேசில் அனுமதி கிடைக்காது. தட்டு என் கைக்கு வந்ததும் சித்தப்பா பேச்சை எடுத்தார்.

"உங்க சித்தி போன்ல இங்கிலீஸ்ல பேசறது உனக்குப் புரியுதா அம்மணி?"

"எல்லாம் புரியுதுங்க சித்தப்பா."

"எனக்கு ஒரு எழவும் புரியல. அப்படி என்னதான் சிரிப்பு?"

சித்தப்பா பத்தாவதோடு படிப்பை விட்டவர். டிராயிங்கைப் பார்த்து அரை நூல் அளவுகூடப் பிசகாமல் கடைவார். ஆங்கிலத்தில் அளவுகள் மட்டும் தெரியும். அவர் என்னிடம் ஒன்று கேட்பது அதுவே முதல் தடவை. நான் காளானை மென்று விழுங்கிவிட்டு யோசித்தேன். அன்றைக்குச் சித்தி சொன்ன ஒரு தொடர் நினைவில் இருந்தது. 'யூ ஆர் புல்லிங் மை லெக்.' என்னைக் கேலி பண்ணுகிறீர்கள் என்று அர்த்தம். பக்கத்திலேயே பென்சிலால் எழுதியிருந்தது. எனக்கு அது மனப்பாடம்.

"காலைப் புடிச்சு இழுக்கறீங்கன்னு அவருகிட்டச் சொன்னாங்க" என்றேன்.

சித்தப்பாவின் கையில் இருந்த குச்சி தட்டிலேயே நின்றது. "காலையா?"

"லெக்னா கால்தானுங்க சித்தப்பா."

"போன்லயா?"

நான் இன்னொரு வாய் காளானைப் போட்டுக்கொண்டேன். சித்தப்பா ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே, "வேற?" என்றார்.

'ஐம் ஆல் இயர்ஸ்' என்றால், சொல்லுங்கள், கவனமாகக் கேட்கிறேன் என்று பொருள். நான் சொன்னேன்: "நீங்க பேசறதக் கேக்கறதுக்கு ஒடம்பெல்லாம் காதா இருக்கறேன்னு சொன்னாங்க."

சித்தப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டார். என் தட்டை நான் முழுசாகத் தின்றேன்.

நான் பொய் சொல்லவில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த பெருமை. ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை, ஒரு சொல்லைக்கூட விடவில்லை. யாராவது டிக்‌ஷனரியோடு வந்து கேட்டாலும் ஒவ்வொன்றாகக் காட்டியிருப்பேன். அடுத்த நாளும் காளான் கிடைத்தது. அதற்கடுத்த நாளும். சித்தி ஏதோ சந்தோஷமான செய்தி கேட்டு 'ஐம் ஓவர் தி மூன்' என்று சொன்னதை, நிலாவுக்கு மேலே போய்விட்டாளாம் என்று கொண்டுபோய்ச் சேர்த்தேன். சித்தப்பா காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். திரும்பி வரும்போது பைக்கை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினார். பின்னால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, பல நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

பரீட்சைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஆறரைக்குப் போன் வந்து, சித்தி மொட்டைமாடிக்குப் போனாள். ஐந்து நிமிடம் கழித்துச் சித்தப்பா படியேறினார். நான் அவர் பின்னால் போனேன்.

தூரத்தில் மருதமலையில் விளக்குப் போட்டிருந்தார்கள். சித்தி ஏதோ சொல்லிக்கொண்டே திரும்பியவள், சித்தப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். அவர் தொட்டிமேல் இருந்த போனைக் கையில் எடுத்தார்.

"ஏப்பா, நீ எந்த ஊரு ஆளா வேணாலும் இரு. எங்கூட்டுப் பொம்பள காலைப் புடிச்சு இழுக்கறதுக்கு உனக்கு எத்தன தைரியம்?"

போனில் அந்த மரியாதையான குரல் வந்தது. பாவம், அவரும் அதே புத்தகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார். பழக்கத்தில் அதிலிருந்தே பேசிவிட்டார்.

"ஐம் அஃப்ரெய்ட் ஐ டோன்ட் ஃபாலோ யூ, சார்."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றான்?"

மன்னிக்கவேண்டும், நீங்கள் சொல்வது எனக்கு விளங்கவில்லை என்பது அதன் பொருள். அதுவும் பென்சில் எழுத்தில் இருந்ததுதான். எனக்குத் தெரியும்.

"அவருக்குப் பயமா இருக்குதாமுங்க. இனிமே உங்க பின்னால வரமாட்டாராமுங்க."

"அது! அந்தப் பயம் இருக்கோணும்" என்று சொல்லிச் சித்தப்பா போனை அணைத்துத் தொட்டிமேல் வைத்துவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போனார்.

சித்தி என்னைப் பார்த்தாள். முதலில் அவள் உதடு கோணியது. சிரிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். அப்புறம் அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிவது முகத்தில் தெரிந்தது. நான் மேலே வராமல் இருந்தது, படியில் உட்கார்ந்திருந்தது, சித்தப்பாவோடு தினமும் பைக்கில் போனது எல்லாம். நான் அழத் தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை. குனிந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள்.

"உனக்கு அர்த்தம் தெரியுந்தானே கண்ணு?"

"மறந்துபோச்சுங்க சித்தி."

"செரி" என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் இரண்டு அடி வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மறுநாள் காலையில் சித்தப்பாவின் டிபன் பைக்குள் அந்தப் புத்தகத்தையும் வைத்து, "ஏனுங்க, டீ குடிக்கற நேரத்துல இதையும் சித்த பாருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அன்று சாயங்காலம் சித்தப்பா சீக்கிரமாக வந்துவிட்டார். புத்தகத்தின் பல பக்கங்களில் கறுப்புக் கட்டைவிரல் தடம் இருந்தது. குழாயடியில் கையைக்கூடக் கழுவாமல் நேராக மேலே போனார். சித்தியின் போனிலிருந்தே அந்தப் பார்ட்னரை அழைத்து, "மன்னிச்சுக்குங்க சார். எனக்கு விவரம் பத்தல" என்று சொன்னது கீழே வரைக்கும் கேட்டது. அந்த மனிதர் பரவாயில்லை என்றுதான் சொன்னாராம். ஆனால் சென்டரில் வேறு ஆளை மாற்றி வாங்கிக்கொண்டுவிட்டார்.

இனி சித்திக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. அப்பாவின் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு கீழே காத்திருந்தேன். "கண்ணு, மேல வாறியா?" என்ற குரல் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பொறுக்கமுடியாமல் நானாகவே மேலே போனேன். அறைக்கதவு சாத்தியிருந்தது. மாடிப்படிப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது.

கட்டிலில், நான் உட்காரும் இடத்தில், சித்தப்பா உட்கார்ந்திருந்தார். குளித்துத் தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் கேள்விச் சீட்டு. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, "டிஸ்... கிரை... ப் எ பர்... சன்" என்று வாசித்தார். வேர்த்துக் கொட்டியது. தப்பாக வாசித்த சொல்லைச் சித்தி மெதுவாகத் திருத்தினாள். அவர் மறுபடி முதலில் இருந்து வாசித்தார். நான் ஒரு மூச்சில் வாசித்துவிடக்கூடிய சீட்டு அது. அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. சித்தி அந்த ஐந்து நிமிடமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசித்தபோது அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. மலையாளக்காரர்மேல் இருந்த எரிச்சல் எல்லாம் அந்த நிமிடமே சித்தப்பாவுக்கு மாறிவிட்டது. நானே தூண்டிவிட்டு, நானே அவரைக் கொண்டுவந்து அந்தக் கட்டிலில் உட்காரவைத்திருந்தேன்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பும் அதே ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். சீட்டில், உங்களுக்கு மிக நெருக்கமான ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று இருந்தது. சித்தப்பா வாசித்து முடித்துக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். சித்தி பேசினாள்.

புத்தகத்துத் தொடர் ஒன்றுகூட அதில் வரவில்லை. சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னாள். எனக்கு நெருக்கமானவர் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அவருடைய இரண்டு விரல்கள் மழைக்காலத்தில் வலிக்கும், அவர் யாரிடமும் சொல்லமாட்டார். நான் வெளிநாடு போக ஆசைப்படுகிறேன் என்று அவர் நினைக்கிறார். அவருக்குத்தான் அது ஆசை என்று நினைத்து நான் சரி என்றேன். எனக்குப் போக விருப்பமில்லை. அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போகாதே என்று சொன்னால் நான் இருந்துவிடுவேன். நானாகச் சொல்ல எனக்கு வரவில்லை. இவ்வளவு பேரிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டார், அந்தச் சந்தோஷத்தை எப்படிக் கெடுப்பேன்?

எல்லாம் ஆங்கிலத்தில். சித்தப்பா மிகவும் கவனமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். முள் இரண்டு சுற்று முடிந்ததும், "டைம் ஓவர். வெரி குட்" என்றார். சித்தி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஆனால் அந்த இரண்டு நிமிடமும் நான் காத்திருந்தது வேறொன்றுக்கு. நெருக்கமான ஒருவர் என்று சீட்டில் இருந்தது. எங்காவது ஓரிடத்தில் என் பேச்சு வரும் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. ஓசைப்படாமல் கீழே இறங்கிவந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா குழாயடிக்கு வந்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

"அம்மணி, நீ அங்க ஜன்னல்ல நின்னயல்ல?"

தலையாட்டினேன்.

"இன்னைக்கு உங்க சித்தி என்ன பேசுனா? கண்ணு கலங்கியிருந்தாப்புல தெரிஞ்சுது. உள்ளது உள்ளபடி சொல்லு. உன்ற மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல."

சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அர்த்தம் திரிக்க ஒன்றும் இல்லை. சொல்லுக்குச் சொல் அப்படியே ஒப்பித்தாலே போதும். ஆனால் பரீட்சையில் உண்மையைத்தான் பேசவேண்டும் என்பதில்லை, இல்லாத அண்ணனைக்கூட இருப்பதாகச் சொல்லலாம், மார்க் பேச்சுக்குத்தான் என்று சித்தி முன்பு என்னிடம் சொல்லியிருக்கிறாள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவளுக்கு நெருக்கமானவர் நீங்கள்தானாம் என்று என் வாயால் அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"பரீட்சைக்குப் பேசறதுதானுங்க சித்தப்பா. நெம்ப நல்லாப் பேசறாங்க. பாஸாயிருவாங்க."

"ஆயிருவாளா?" என்றார்.

"ஆயிருவாங்க."

"ஆயிருவா" என்று தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டு குழாயை மூடினார்.

சித்தி தேறினாள். பேச்சில் தேவைக்கு மேலேயே மார்க். ஆறு மாதத்தில் கிளம்பிப் போனாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு, நன்றாகப் படி என்றாள். ஒரு வருடத்தில் சித்தப்பாவும் போவதாக இருந்தது, நான்கு வருடம் ஆகிவிட்டது. அந்த நான்கு வருடமும் அவர் கீழே எங்களோடு சாப்பிட்டுவிட்டு மேலே போய்ப் படுத்துக்கொள்வார். சாயங்காலம் ஆறரை மணிக்கு மொட்டைமாடியில் அவர் போன் பேசும் சத்தம் கேட்கும். அதிகம் பேசமாட்டார். சாப்பிட்டாயா, குளிர் எப்படி, அவ்வளவுதான். இப்போது இருவரும் அங்கே இருக்கிறார்கள், ஒரு பெண் குழந்தை இருக்கிறது, நன்றாக இருக்கிறார்கள். அந்த நான்கு வருடத்தைப் பற்றி அவர்களிடம் நானும் கேட்டதில்லை.

நான் இன்று சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில், நாள் முழுக்க அந்தப் புத்தகத்துத் தொடர்களையே பேசிச் சம்பளம் வாங்குகிறேன். சித்தப்பா குழாயடியில் நின்ற அந்தச் சாயங்காலம் அவ்வப்போது நினைவுக்கு வரும். அவர் கேட்டபோது குரல் ஏன் அவ்வளவு தணிந்திருந்தது என்று நான் யோசிக்கவில்லை. பாஸாகிவிடுவாள் என்றதும் அவர் முகம் மாறியதைச் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டேன். அவர் என்னிடம் ஆங்கிலத்துக்குத்தான் அர்த்தம் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.